எதிர்க்கதவு

பழங்காநத்தத்தில் என் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது.
ஆர்.சி. புத்தகத்தில் 'சலூன்' என்று போட்டிருக்கிறது.
அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வந்த புதிதில் காஜிமார் தெருவுக்கு
அது வெறும் பிளசர்.
எதிர்வீட்டிலும் ஒரு பிளசர் வந்து நின்றபோது
பெயர் பத்தாமல் போனது.
முன்கதவு முதுகுப்பக்கம் திறப்பதைப் பார்த்து
'பேகம் கதவு' என்றார்கள்.
சிக்கந்தர் ராவுத்தரின் சம்சாரம்
சேலை எங்கும் மாட்டாமல்
நாற்காலியிலிருந்து எழுவதுபோல் இறங்குவார்.
நிக்காவுக்கு இரவல் கேட்டு வருகிறவர்கள்
'பேகம் கதவு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கா?' என்பார்கள்.

அறுபத்தொன்பது, ஆடி.
கப்பலூர் தாண்டியதும்
கிளீனர் ஒச்சப்பன்
சரியாக விழாத கதவை
ஓட்டத்திலேயே இழுத்துச் சாத்தப் பார்த்தான்.
காற்று கதவைப் பிடுங்கியது,
கதவு அவனை.

மறுநாள் முதல் எமன் கதவு.
பாதி விலைக்குத் தள்ளிவிட்டார் ராவுத்தர்.

உசிலம்பட்டிப் பருத்திக்கொட்டை வியாபாரி
பெயரைக் கேட்டுச் சிரித்தார்.
ஆனாலும் தேங்காய்க் கயிற்றால்
கைப்பிடியை உள்ளே இழுத்துக் கட்டினார்.
அங்கே அது 'கயித்துக் கதவு'.
ஏன் கயிறு என்று
அவர் பிள்ளைகளுக்குத் தெரியாது.
பேரன்கள் காலத்தில்
பின்சீட்டில் கோழி அடைகாத்தது.
அப்புறம் கோழி வண்டி.

தேடிப்போய் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன்.
இரும்பு விலைக்கு வந்தது, எடுத்தேன்.
புரோக்கருக்கு என்ன,
வருவது வரும், போவது போகும்.

நேற்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன்.
போனை நீட்டியபடியே உள்ளே வந்தான்.
கதவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது:
"அண்ணே, சூசைட் டோர்! ஒரிஜினலா?"

ஒரிஜினல்தான், தம்பி.
நாக்கு தானாகவே
இன்னொரு லட்சத்தைச் சேர்த்துச் சொன்னது.
அவன் பேரம்கூடப் பேசவில்லை.

கயிற்றை அறுத்து வீசிவிட்டு
வீடியோவுக்காக நான்கு முறை
திறந்தான், சாத்தினான்.
ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம்.
எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்.
அன்றைக்குப் பின்சீட்டில்
தேங்காய்ச் சாக்குகளுக்கு நடுவே
பதிமூன்று வயதில் இருந்தவன் நான்.

சூசைட்.
ஒச்சப்பன் சாகப் பார்க்கவில்லையே, தம்பி.
சாத்தத்தானே பார்த்தான்.

சொல்லவில்லை.
பணத்தை எண்ணினேன், இரண்டு முறை.

வண்டியை லாரியில் ஏற்றும்போது
"கதவைக் கட்டிரு" என்றேன்.
"பெயின்ட் உரசும்ணே."
அதில் ஏது பெயின்ட்.

தோளில் கிடந்த துண்டை உருவி
மூன்றாய் மடித்து
நானே ஏறிக் கட்டினேன்.
ஒரு முடிச்சு.
இறங்கப் போனவன் திரும்பி
இன்னொரு முடிச்சு.