காரணம்: அளவு சரியில்லை

விலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள்
அந்தப் பச்சைப் பட்டையை,
என் கடைப் பெயரைவிடக் கொட்டை எழுத்தில்:
பிடிக்கவில்லையா, பதினைந்து நாளில் திருப்பலாம்.

முன்பும் இருந்ததுதான்.
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
மருந்துப் புட்டியின் எச்சரிக்கை மாதிரி
யார் கண்ணிலும் படாமல்.

மேலே ஏறிய முதல் வாரம்
நாற்பது ரவிக்கை போகிற இடத்தில் தொண்ணூறு போனது.
செந்தூல் அடுக்குமாடி, பதினோராவது மாடி,
மின்தூக்கி நின்றுபோன புதன்கிழமையிலும்
மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
சிரித்தபடிதான் இறங்கினேன்.

மூன்றாவது வாரம்
அதே படிகளில் அவை ஏறி வந்தன.

கிள்ளான் பிரேமகுமாரி
முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது மூன்றையும் வாங்கி
ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அனுப்பினார்.
என் அலமாரிதான் அவருக்கு உடை மாற்றும் அறை.
ரவாங்கிலிருந்து வந்ததில்
கழுத்தோரம் பவுடர்,
முதுகுக் கொக்கியில் சிக்கிய ஒரு பூக்காம்பு.
காரணம்: நிறம் படத்தில் உள்ளதுபோல் இல்லை.
கல்யாணத்தில் எடுத்த படத்தில்
நன்றாகத்தான் இருந்திருக்கும்.

முப்பத்தைந்து வெள்ளி ரவிக்கையில்
எனக்கு நிற்பது ஆறு வெள்ளி எண்பது காசு.
ஒன்று திரும்பும்போது
முன்னால் போன இரண்டின் லாபத்தையும்
கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது.

வேண்டாமென்றால் எடுத்துவிடலாமே என்றான்
தம்பி கனகேஸ்வரன்.
எடுத்துப் பார்த்தேன்.
ஞாயிறு முழுக்கப் போன் சிணுங்கவே இல்லை.
திங்கள் காலை மறுபடி ஒட்டினேன்.

திட்டவும் முழு மனசு வரவில்லை.
மஸ்ஜித் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில்
ஒன்பது வருசம் நின்றவள் நான்.
கல்லாவுக்கு மேலே பலகை:
விற்ற சரக்கு வாபஸ் இல்லை.
ஒரு மத்தியானம், பிரிக்காத சேலையை
நெஞ்சோடு அணைத்தபடி ஒருத்தி வந்தாள்.
நிச்சயம் நின்னுபோச்சுங்க என்றாள்.
முதலாளி வாய் திறக்கவில்லை, என்னைப் பார்த்தார்.
நான் பலகையைக் காட்டினேன்.
அண்ணாந்து படித்தாள்,
எழுத்துக் கூட்டி, கடைசிச் சொல்வரை.

நேற்று வந்தது தைப்பிங்கிலிருந்து.
மாம்பழ மஞ்சள், நாற்பது.
காரணம்: அளவு சரியில்லை.
உதறி மடிக்கும்முன் உட்புறம் திருப்பினேன்.
இரு பக்கத் தையலையும் பிரித்து
இருந்த துணியை எல்லாம் விட்டு
கையால் மறுபடி தைத்திருந்தது,
என் மெஷினுக்கு வராத சீரில்.

அப்படியென்றால் வைத்துக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறாள்.
ஊசி தோற்ற பிறகுதான்
பொத்தானுக்குப் போயிருக்கிறாள்.

இன்னும் அரை அங்குலம் இருந்திருந்தால்
தைப்பிங்கிலேயே தங்கியிருக்கும்.
அந்த அரை அங்குலத்தை வெட்டியது நான்தான்,
போன மாதம்,
திரும்பி வந்தவற்றில் விட்ட காசை
துணியில் பிடிக்கலாமென்று.

சேதம் என்று புகார் போட்டால்
பணம் எனக்கே நிற்கும்.
படம்கூட எடுத்துவிட்டேன்.
வெளிச்சத்தில் அவள் தையல்
இன்னும் அழகாக விழுந்திருந்தது.

படத்தை அழித்தேன்.
வெட்டுக் காகிதத்தை விரித்து
ஓரம் முழு அங்குலம் விட்டுக் கோடு போட்டேன்.
ஆறு எண்பது இனி ஐந்து எழுபதாகும்.
கோடு முடியவில்லை, கதவு தட்டும் சத்தம்.

கையெழுத்துப் போடுங்கக்கா, நாலு பார்சல், ரிட்டர்ன்,
என்றான் கூரியர் பையன்
மூச்சிரைக்க.
மின்தூக்கி மறுபடி நின்றுவிட்டதாம்.