ஏழாம் கணு

கேத்திப் பள்ளத்தாக்கில் பதினோரு கம்பம் நட்டேன்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு டிபன் டப்பா,
டப்பாவுக்குள் சென்சார்,
பேட்டரிக்குக் குளிராமல் என் பழைய காலுறை.
ஆய்வுத் தலைப்பில் இதற்கெல்லாம்
பதினாறு சொல்லில் வேறு பெயர்.

பகுதிநேர முனைவர் பட்டம், ஆறாம் ஆண்டு.
வாரம் ஐந்து நாள் கௌரவ விரிவுரையாளர்.
சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி
பர்லியாரில் ஸ்வெட்டரைக் கழற்றி
கோவையில் வியர்த்தபடி
நெறியாளர் அறை வாசலில் நிற்பேன்.
"டேட்டா போதாது, யோகராணி."
ஆறு வருடமாக அவர் திருத்தாத ஒரே வாக்கியம்.

உறைபனியை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.
ஆனால் வருடத்தில் பதினான்கு இரவுதான் அது விழுகிறது.
'இன்று விழாது' என்றே
தினம் ஒரு கிளி சீட்டெடுத்தாலும்
தொண்ணூற்றாறு சதவீதம் சரி.
அதனால் மார்கழியில் நான் வேண்டிக்கொண்டதை
யாரிடமும் சொன்னதில்லை:
விழட்டும்.
இன்னும் நாலு ராத்திரி விழட்டும்.

ஏழாம் கணு புஷ்பநாதனின் குத்தகை நிலத்தில்,
ஓடையோரத் தாழ்வில்.
வாடகை வேண்டாம் என்றார்.
அதில் மட்டும்
இரவு ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையில்
மின்னழுத்தம் சரியும்.
இரண்டு மாதம் அதற்கொரு கோட்பாடு எழுதினேன்:
ஈரம், கசிவு, குளிர்ந்த லித்தியத்தின் சோம்பல்;
மூன்று வரைபடம், ஒரு சமன்பாடு.
பிறகொரு மாலை நேரில் போனேன்.
டப்பாவிலிருந்து ஒரு வெள்ளை வயர்,
வயர் நுனியில் அவர் செல்போன்.
"லயத்துல கரண்டு நிக்கிறதில்ல டீச்சர்.
உங்க மெசேஜ் வரும்போது
போன் உசுரோட இருக்கணுமே."

நான்தான் சொல்லியிருந்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி வரும்,
விடியுமுன் தண்ணீர் தெளித்தால் தழை பிழைக்கும் என்று.
சிரித்தேன். வயரைப் பிடுங்கவில்லை.
சமன்பாட்டை மட்டும் அழித்தேன்.

தை எட்டு.
பத்துக் கணுக்கள் மூன்று டிகிரி, மூன்றரை என்றன.
ஏழு, பதினொன்று நாற்பதுக்குப் பிறகு பேசவில்லை.
அட்டவணையில் வெறும் கட்டங்கள்.
அக்கம்பக்கத்துச் சராசரியை அள்ளி
அவற்றை நிரப்பியது என் நிரல்.
குளிர் தண்ணீரைப்போல் பள்ளம் தேடும் என்று
இரண்டாம் இயலில் எழுதியவளே நான்.
'விழாது' என்றது.
செய்தி போகவில்லை.
அவர் தலைமாட்டில்
முழு சார்ஜோடு போன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது.
வெயிலில் இலைகள்
வெந்த கீரையாய்க் கறுத்துத் தொங்கின.
ஒரு செடியைப் பிடுங்கி
சுண்டைக்காய் அளவுக் கிழங்கைப் பார்த்தார்.
"மெஷின் தூங்கிருச்சா டீச்சர்?"
சங்கத்துத் தவணை மாசி பத்து என்றார்,
என்னிடமல்ல, கிழங்கிடம்.

மாசியில் நெறியாளர் முதன்முறையாகச் சிரித்தார்.
"பதினான்கில் பதின்மூன்று!
அந்த ஒன்று பரவாயில்லை, எழுத ஆரம்பி."

நான்காம் இயல், மூன்றாம் அட்டவணை.
கீழே இடப்பக்கக் கட்டத்தில் அந்த ஒன்று.
அரை ஏக்கர் உருளைக்கிழங்கு,
எழுத்தின் அளவு பத்து.
காரணம் என்ற இடத்தில்
'மின்கலச் செயலிழப்பு' என்று தட்டினேன்.
பொய்யில்லை.
போன் என்று எழுதினால் அவர் மேல் விழும்,
சராசரி என்று எழுதினால் என் மேல்.
கர்சர் மினுக்குகிறது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் இல்லை.
காற்று நின்று அரைமணி ஆகிறது.
மணி பத்தேகால்.
நிரல் இரண்டு மணிக்குத்தான் ஓடும்.
புஷ்பநாதன் எண்ணை அழுத்துகிறேன்.
அந்தப் பக்கம் மணி அடிக்கிறது,
எடுத்ததும் முதலில்
பனியைச் சொல்வதா
வயரைச் சொல்வதா