சாயத் தண்ணி

பன்னிரண்டு புதுச்சேலைகள்
ஈரோட்டிலிருந்து வந்து இறங்கின.
கல்லில் தேய்த்தேன். கத்தியால் இழை பிரித்தேன்.
இரண்டு நாள் தேயிலைத் தூளில் ஊறப்போட்டேன்.
தாது வருஷத்துப் பஞ்சம்
இப்படித்தான் தயாரானது நடுவட்டத்தில்,
ஜெனரேட்டர் வேனுக்குப் பின்னால்.

கதை இதுதான்:
கஞ்சிக்காக மலையேறிய ஒருத்தி
சிங்கோனாப் பட்டை உரிக்கிறாள்.
வயிற்றில் மேஸ்திரியின் பிள்ளை.
பெற்று, ஓடைக்கரையில் கிடத்திவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும்.
காட்சி நாற்பத்தொன்று.

அதற்கொரு பிள்ளை வேண்டுமே.
தோட்டத்து லைனிலிருந்து
ஏஜெண்ட் கூட்டிவந்தான் யோகராணியை.
நாற்பது நாள் குழந்தை. பெண்.
வாடகை இரண்டாயிரம்; அதில் எண்ணூறு அவனுக்கு.
பதிவேட்டுக்குப் பெயர் கேட்டேன்.
"இன்னும் வைக்கல."
பிறகு, குளிரைப் பற்றிச் சொல்வதுபோல்,
"கூடலூர் ஆஸ்பத்திரில ரெண்டு தடவ போய் நின்னேன்.
நாள் தாண்டிருச்சுன்னு அனுப்பிட்டாங்க."

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.
கோத்துக்கொண்டே இருந்தேன்.

முதல் டேக்கில் மேகம் இறங்கியது.
இரண்டாவதில் நாயகி கைக்கடிகாரத்தோடு வந்துவிட்டாள்.
மூன்றாவதில் குழந்தை தூங்கிப்போனது.
"அழணும்மா, கொஞ்சம் அழ வைங்க" என்றார் இயக்குநர்
மைக்கில், பணிவாக.
யோகராணி போய் அதன் பாதத்தில் சுண்டினாள்.
அழவில்லை.
இன்னும் பலமாய்ச் சுண்டினாள்.
அந்த விரலைப் பார்த்தேன்.
கொழுந்துக் கறை ஏறிய நகம்,
என் வாளிச் சேலைகளின் அதே நிறம்.
நான் இரண்டே நாளில் கொண்டுவந்த நிறம்.

ஆறு தடவை நாயகி
கிளிசரின் கண்ணோடு ஈரக்கல்லில் வைத்துப் போனாள்.
ஆறு தடவையும் "கட்" என்ற பிறகு
சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து
யோகராணி ஓடி வரவில்லை.
நடந்து வந்தாள். எடுத்தாள்.

ஏழாவதில் நாயகி திரும்பிப் பார்த்துவிட்டாள்.
"பாக்கக் கூடாது மேடம். அதானே கதையே."

எட்டாவது ஓகே. யாரோ கைதட்டினார்கள்.

வெளிச்சம் போனதும் நூறு நூறாய் எண்ணிக் கொடுத்தார்கள்.
வாளியைக் கவிழ்க்கப் போனேன்.
"இவ்வளவு சாயத் தண்ணியையும் கீழயா ஊத்துறீங்க?"
பேறுகாலத்து வெளுப்பு இன்னும் போகாத முகம்.
குழந்தை அவள் தோளில் கக்கியிருந்தது.
துடைக்கத் துணி கேட்டாள்.
கிழியாத ஒன்றைத் தேடினேன்.
பன்னிரண்டையும் நானே கிழித்திருந்தேன்.

நாளைய தாளை வண்டி விளக்கில் படித்தேன்.
காட்சி நாற்பத்திரண்டு. மழை, இருபது ஆட்கள், ஒரு கழுதை.
குழந்தை தேவையில்லை.

நிமிர்ந்தபோது அவள் ஓடையருகே நின்றிருந்தாள்.
அந்தக் கல்லைக் காலால் தொட்டுப் பார்த்தாள்,
சூடு ஏதும் மிச்சமிருக்கிறதா என்பதுபோல்.
பனி மூடிக்கொண்டது.
லைன் மேட்டில் நாய் குரைக்கும்வரை
நான் வண்டியில் ஏறவில்லை.