நிற்பவை

கார் யப்பான் மொழி பேசும்.
கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி மூன்று வருசம்,
இன்னும் ஒரு தமிழ்ச் சொல் பழகவில்லை.
காலையில் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல்
மிகப் பணிவாக ஏதோ சொல்லும்.
திகதியாக இருக்கலாம், வாழ்த்தாக இருக்கலாம்,
இன்றைக்கு வெளிக்கிடாதே என்றும் இருக்கலாம்.

ஸ்டியறிங்கில் இருக்கிற அந்தச் சின்ன ஆளியைக்
கிளிநொச்சி எமிலியன்தான் கண்டுபிடித்தான்.
இலச்சினைக்குப் பின்னால் றேடார் இருக்கு, என்றான்,
கிறீஸ் கையால் அதைத் தடவிக்கொண்டு.
அலையை எறியும். முன்னால் போகிறவனில் பட்டுத் திரும்பும்.
திரும்ப எடுத்த நேரத்தில் தூரம் தெரியும்.
அலை நெருங்கி வந்ததா, இழுபட்டு வந்ததா
என்பதில் வேகம் தெரியும்.
நீ எழுபது என்று சொல்லிவிட்டுக் காலை எடு.
அவன் ஐம்பதுக்கு இறங்கினால் இதுவும் இறங்கும்,
அவன் விலகினால் உன் எழுபதைத் தேடி ஓடும்.
இடைவெளியை மீற்றரில் இல்லை, நொடியில் பிடிக்கும்.
திரையில் மூன்று கோடு.
அதற்கு மேல் மரியாதை இதுக்குத் தெரியாது.

முதல் தவறு என்னுடையது.
முறிகண்டியில் தேங்காய் உடைத்து
இலச்சினை நிறையச் சந்தனம் அப்பினேன்.
மாங்குளம் வருமுன் மஞ்சள் விளக்கு,
பெண்குரல், பணிவு குறையாமல்.
எமிலியன் போனில் சிரித்தான்:
துடைச்சு விடு, பிள்ளையார் கண்ணைப் பொத்திப்போட்டார்.

இரண்டாவதை அவன் சொல்லவில்லை.

மாசி. அறுவடை. வவுனியாவில் ஆளை இறக்கிவிட்டுத்
தனியே திரும்புகிறேன்.
றோட்டின் அரைவாசியில் நெல் காய்ந்த இடம்
இரவிலும் வெளிறித் தெரிகிறது.
புளியங்குளத்தில் இருந்து ஒரு லொறி முன்னால்,
நாற்பத்தைந்தில்.
அதன் பின்னால் என் கார், கயிறு கட்டிய கன்று மாதிரி.
என் வலது கால் சும்மா கிடந்தது.
பதினெட்டு வருசமாய் வேலை செய்த கால்.
அதற்குச் சம்பளத்தோடு லீவு.

கனகராயன்குளத்துக்கு முன்னால்
லொறி சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கியது.
வழி கிடைத்தது என்று நினைத்த கார்
சந்தோசமாய் மூச்சை இழுத்தது.
ஐம்பது. ஐம்பத்தெட்டு.

வெளிச்சத்தில் நெல் மூடைகள்.
மூடைகளுக்குக் கீழே பெட்டி.
பெட்டிக்கு முன்னால் லான்ட்மாஸ்ரர்.
பின்விளக்கு இல்லை, அசைவில்லை.

கால் தானே எழும்பி மிதித்தது.
எனக்குத் தெரியாமல் விழித்திருந்திருக்கிறது.

ரயர் வாசம். நடுவில் ஒரு முழம்.

பிறகுதான் விளங்கியது:
நிற்பவற்றை அது தூரத்தில் எண்ணுவதில்லை.
எண்ணினால் ஒவ்வொரு மதகுக்கும்,
ஒவ்வொரு கிலோமீற்றர் கல்லுக்கும்,
யானை கடக்கும் என்கிற பலகைக்கும்
பிறேக் பிடித்துப் பிடித்து
மாங்குளம் போய்ச் சேர விடிந்துவிடும்.
அதனால் செய்தவர்கள் அதற்கு
ஒரு மறதியையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள்:
அசைவது வாகனம்,
அசையாதது ஊர்.

மூடைகளுக்குப் பின்னால் இருந்து ஒரு தலை.
வாயில் போன் கடித்தபடி, அதன் வெளிச்சத்தில்
அறுந்த பெல்ற்றை மாற்றிக்கொண்டிருந்தவர்.
தவராசா என்றார், ஏச வந்த என்னிடம்.
பின் லைற் போன கிழமை மட்டும் இருந்தது தம்பி.

ஏச்சு வரவில்லை.
காரை அவருக்குப் பின்னால் நிறுத்தி
நாலு விளக்கையும் மினுங்க விட்டு
நான் காருக்கும் பின்னால் போய் நின்றேன்.
திறந்த கதவுக்குள்
அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தெற்கிலிருந்து இரண்டு வெளிச்சம் வந்தது.
யார் ஓட்டுகிறார், தெரியாது.
கால் எங்கே வைத்திருக்கிறார், தெரியாது.
நான் இப்போது மதகு.
நான் கிலோமீற்றர் கல்.

கையை அசைத்தேன்.
போன் வெளிச்சத்தோடு, தோளில் இருந்து,
ஊர் இல்லை, ஆள் என்று தெரியும்படி
அசைத்தேன்.