உள்பக்கம் பூசுவது

பகலில் பல் செய்கிறேன்.
பில்சென் நகரில், டிராம் வளையும் முனையில், மூன்றாம் மாடி.
யார் யாருடைய கடைவாய்களோ
பெயர் ஒட்டிய டப்பாக்களில் வரிசையாகக் கிடக்கும்.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது, தெரியுமா?
காபி குடித்த வெள்ளை, சிகரெட் வெள்ளை,
தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவனின் தேய்ந்த வெள்ளை.

இரவில் லாரி செய்கிறேன்.
அசலில் பத்தில் ஒரு பங்கு; நான்கு சக்கரமும் இழுக்கும்.
ராடிம் உப்பு லாரி ஓட்டப் போனபின்
சமையல் மேசையில் துண்டை விரித்துத்
திருகாணிகளைக் கொட்டுவேன்.
எட்டு மில்லிமீட்டர், பத்து, பன்னிரண்டு.
மாற்றிப் போட்டால் உள்ளே பல்சக்கரத்தைக் குத்தும்.
(அங்கேயும் பல்தான். என் தலையெழுத்து.)

டிஃபரென்ஷியலுக்குள் சிலிகான் எண்ணெய் ஊற்றிக்
குமிழிகள் மேலேறி உடையும்வரை
கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.
எனக்கு அது வராது.
முதல் தடவை அவசரமாக மூடி முடுக்கி
எண்ணெய் வழிந்து ரொட்டிப் பலகைவரை போனது.
காலையில் ராடிம் ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் தின்றான்.
பனிக்காலத்தில் எங்களுக்கு நாளொன்றுக்கு நாற்பது நிமிடம்;
அதைக் கேள்விகளில் செலவழிப்பதில்லை.

நிறம், அவன் லாரியின் நிறம்.
உப்பு தின்று கதவோரம் உரிந்த செதில் ஒன்று
அவன் கோட்டுப் பையில் கிடைத்தது, நகக்கண் அளவு.
பல் நிறம் பார்க்கும் விளக்கடியில் வைத்தேன்.
ஆரஞ்சு என்று யார் சொன்னது?
பூசணிக்காய்ச் சதை, அதில் ஒரு சொட்டுத் துரு,
அதன்மேல் பதினொரு பனிக்காலத்தின் அழுக்கு.
அழுக்கை மட்டும் விட்டுவிட்டேன். அது தானாக வரும்.

கண்ணாடி போலப் பாலிகார்பனேட் கூடு.
இதற்கு வெளியே பூசுவதில்லை, உள்ளே பூச வேண்டும்.
கல் பட்டால் கீறல் கூட்டுக்கு; நிறத்துக்கு இல்லை.
அதனால் எல்லாம் தலைகீழ்:
முதலில் பூசியது முன்னால் நிற்கும்,
கடைசியில் பூசியதை யாரும் பார்க்க மாட்டார்கள்.
கடைசியில் வெள்ளை.
அது முதுகுக்குப் பின்னால் நிற்காவிட்டால்
ஆரஞ்சுக்குச் சோகை பிடித்துவிடும்.

பாத்திர சோப்பில் கழுவினேன்.
ஜன்னல்களுக்கு டேப் ஒட்டினேன்.
ஸ்பிரே டப்பாவை வெந்நீரில் நிறுத்திக்
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
மூடுபனி போல ஒரு பூச்சு. பொறு. இன்னொன்று.
கீழ்வீட்டு ஷார்காவின் நாய் மூன்று முறை தும்மியது.

விடியுமுன், வெளிப்புறத்து மெல்லிய படலத்தை
மூலையில் நகத்தால் நெம்பி இழுத்தேன்.
சர்ரென்று வந்தது.
மழை விட்ட தெரு போலப் பளபளத்தது.
முகப்பில், கறுப்பில், அவன் பெயர்.

உள்ளிருந்து பார்த்து நேராக எழுதியிருக்கிறேன்.
வெளியே அது கடைசியிலிருந்து ஆரம்பித்தது.
எங்கள் எழுத்தில் ஐந்து;
மூன்று எழுத்துக்குக் கண்ணாடியிலும் முகம் மாறாது,
மற்ற இரண்டும் என்னைக் காட்டிக்கொடுத்தன.
அச்செடுத்து, இடத்தை வலமாகப் பார்த்தே
இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அழிக்க முடியாது. அதன் முதுகில் நான்கு பூச்சு.

ஆறு மணிக்கு உப்பு லாரி கீழே வந்து நின்றது,
எஞ்சினை அணைக்காமல்.
தெர்மாஸை மறந்துவிட்டுப் போயிருந்தான்.
இரவு உடுப்பின்மேல் கோட்டும் பூட்ஸுமாக இறங்கிப் போய்
தெர்மாஸை நீட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல்,
பெரியதற்குப் பின்னால் சின்னதை விட்டேன்.
சேற்றுப் பனியைக் கிழித்துக்கொண்டு
அது அவன் பக்கக் கண்ணாடிக்குள் ஏறியது.

பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது.
ஜன்னலை இறக்கி, திரும்பாமலே,
கண்ணாடியைப் பார்த்துத் தன் பெயரை உரக்கப் படித்தான்,
வேறு யாருக்கோ வந்த தபாலைப் படிப்பவன் போல.
மேலே எங்கோ ஒரு ஜன்னல் திறந்து யாரோ வைதார்கள்.

உப்புத் தண்ணீர் பேரிங்குகளுக்கு ஆகாது.
ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சக்கரத்தையும் கழற்றிக்
குளிப்பாட்ட வேண்டும்.
அவனுக்கும் அன்று விடுப்பு.