கல்யாண வீட்டார்

பதிவேட்டில் கல்யாண வீட்டார் என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
அரியமான் விடுதி, ஏழு அறை, பதினான்கு பேர்.
மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை.
கொடியில் பதினான்கு வெள்ளை வேட்டி.
அறைத் தொலைபேசிகளின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி
என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் கொறடா.

வியாழக்கிழமை சட்டமன்றத்தில் தீர்மானம்.
கடலுக்கு அந்தப் பக்கம் போன படையைத்
திரும்ப அழைக்கச் சொல்லி.
அழைக்கக் கூடாதென்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை.
போன வருஷம் மண்டபத்தில் மேடை போட்டுக்
கேட்டவர்களே இவர்கள்தாம்.
இப்போது கொண்டுவருவது அந்தக் கட்சி.
அவன் கேட்டு வந்தால் அது நம்ம படையா என்றார்
மூன்றாம் அறைக்காரர்,
நண்டுக் காலைக் கடித்து உடைத்தபடி.

சண்டையெல்லாம் ஒரு சொல்லில்.
‘உடனடியாக’ என்கிறது தீர்மானம்.
‘படிப்படியாக’ என்றொரு திருத்தம்
என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தயாரானது.
‘உரிய காலத்தில்’ என்று போட்டால்
அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வருவார்களாம்.
‘உரிய’வா ‘உகந்த’வா என்று
தமிழாசிரியராக இருந்தவர் ஒரு மணி நேரம் பேசினார்.
விடிவதற்குள் என் பேனாவில் மை தீர்ந்தது.

அக்காள் கனகராணியின் வீட்டுக்காரர் முனியராஜ்
அங்கேதான் இருக்கிறார். ஹவில்தார்.
கிணற்றுத் தண்ணீர் நம்மூர் மாதிரியே உப்பு,
பனையும் அதே பனை,
எதுக்கு வந்தீங்க என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்
தமிழில் கேட்டான்,
பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்கு
நான் அதைச் சொல்லவில்லை
என்று எழுதியிருந்தார் கடைசிக் கடிதத்தில்.

நானும் யாரிடமும் சொல்லவில்லை.
ஐந்தாம் அறைக்காரரிடம் சொல்லியிருக்கலாம்.
நள்ளிரவில் தனியாகக் கடலோரம் நின்றார்.
வாடையில் ஏதோ அதிர்ந்தது.
இடியா என்றார்.
மேகமே இல்லையே என்றேன்.
அண்ணாந்து பார்த்தார்.
பிறகு அறைக்குப் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

புதன் சாயங்காலம் மூன்று வேன்.
ராமநாதபுரம் தாண்டும்வரை திரையை விலக்கக் கூடாது.
மறுநாள் சமையல்கட்டில் ரேடியோவைத் திருகினார் நெய்னா முகமது.
கூச்சல். வெளிநடப்பு.
தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படாமலே
தேதி குறிப்பிடாமல் அவை ஒத்திவைப்பு.
இரண்டு கட்சிக்காரர்களும் ஜெயித்ததாகச் சொல்லிப்
பாம்பனில் ஒரே கடையில் வெடி வாங்கினார்கள்.
சத்தம் கேட்டு அக்காள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

கணவாய் வறுவல் நாற்பத்தொன்று,
சுறாப் புட்டு இருபத்திரண்டு,
சோடா கணக்கில்லை.
பாக்கியைக் கட்சி ஆபீஸில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.
போனேன்.
எந்தக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

மூன்றாம் அறைத் தலையணைக்கு அடியில்
திருத்தத்தின் தாள் கிடந்தது.
‘உடனடியாக’ அடித்திருந்தது.
‘படிப்படியாக’ அடித்திருந்தது.
அதற்கு மேல் எழுதியிருந்த சொல்லை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும்
வாசிக்க முடியவில்லை.
நண்டுக் குழம்பு.