குடும்பச் சீட்டு

ஊலு செரோவில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பலகை இல்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
வழியை அடைத்து நிற்கும்,
அதுதான் அடையாளம் என்றார் ஓட்டுநர்.
நின்றிருந்தது.

தவமணி முதலில் இறங்கினாள்.
வெங்காயம் விற்கும் சிவப்பு வலைப்பையில்
ஒரு டஜன் முட்டை.
'ஊத்துலயே அவிக்கலாமாம், யூடியூப்ல பார்த்தேன்.'
கிள்ளானிலிருந்து நான்கு மணி நேரம்
மடியில் வைத்தே கொண்டுவந்தாள்.
ஒன்றில்கூட விரிசல் இல்லை.

மலை கைக்கெட்டும் தூரம்.
உச்சியைத் தின்றுவிட்டு
மேகம் கழுத்துக்கு வந்திருந்தது.
பாதி காடு, பாதி தோட்டம்,
மொட்டை போட உட்கார்ந்தவன்
பாதியில் எழுந்து போன மாதிரி.

கவுண்டரில் முக்காடிட்ட பெண்
கண்ணாடி ஓட்டை வழியே கேட்டாள்,
தனித்தனியா, குடும்பமா?
தனி என்றால் தலைக்குப் பதினெட்டு வெள்ளி.
குடும்பம் இருபத்தைந்து.

குடும்பம், என்றாள் தவமணி.

என்ன உறவு?

இதற்கு நான் தயாராகி வரவில்லை.
இவள் அண்ணனை விட்டு வந்து
ஆறு வருடம் நான்கு மாதம்.
அவன் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவே
நீதிமன்றத்தில் ஒரு முத்திரை விழுந்தது.
இவளுக்கும் எனக்கும் நடுவே
யாரும் எதையும் குத்தவில்லை.
மறந்துவிட்டார்களோ என்னவோ.
அடுத்த ஞாயிறும் கேட்டில் வந்து நின்றாள்,
மீன் வாங்கப் போகலாமா என்று.
அன்றிலிருந்து என்னை
எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
'இந்தாங்க', 'பாருங்க', 'அட, உங்களைத்தான்.'

அண்ணி, என்றாள் மலாயில்,
கண் சிமிட்டாமல்.
மிச்சம் பதினொரு வெள்ளி.

ஊற்றுக்குப் போகும் வழியெல்லாம் கந்தக வாடை.
முட்டை கெட்டுவிட்டதோ என்று
இரண்டு முறை பையை மோந்து பார்த்தாள்.
மூங்கில் கழியில் கட்டிக் குழிக்குள் இறக்கினோம்.
பன்னிரண்டு நிமிடம் என்றது பலகை.

ஆறிய குளத்தில் எல்லாரும் காலை விட்டார்கள்.
நான் கையை விட்டேன்.
கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம்,
காற்றடைத்து ஓட்டை பார்க்கும் வேலை.
எந்தெந்த ஊரிலோ
எந்தெந்த டாக்டரோ போட்டுக்கொள்ளும் கைகளை
ஒவ்வொன்றாய் ஊதிப் பிடித்துப் பார்த்து அனுப்பினேன்.
என்னுடையதில் தோல் தங்கவில்லை.
தண்ணீர் முதலில் சுட்டது,
பிறகு கடித்தது,
பிறகு என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை.
விரல்கள் பத்தும் கீழே கிடந்து
யாருடையவோ போல அசைந்தன.
தவமணி பார்த்தாள். கேட்கவில்லை.
பையிலிருந்து துண்டை எடுத்து
என் தோளில் போட்டுவிட்டு
குரங்கைப் பார்க்கப் போனாள்.

முட்டையை மறந்தே போனோம்.
நாற்பது நிமிடம்.

கடைத்தெரு என்று இருப்பது ஒரே வரிசை.
பூட்டிய பல் கிளினிக், மோட்டார் கடை, சரக்குக் கடை,
கோடியில் ஆ லெங்கின் கோப்பிக் கடை.
பின்கட்டில் உருளை சுழல
சீனியும் மார்ஜரினும் கொட்டையோடு கருகி
புகை ரோட்டைக் கடந்து
தோட்டத்து ஸ்டோர்வரை போகிறது.
'ரெண்டு கோப்பி, பால் வேணாம்,
கொஞ்சம் உப்பு இருக்கா?'
'கோப்பிக்கு உப்பா?' என்றார், நம் தமிழில்.
முட்டையைக் காட்டினோம்.
சிரித்து, ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம்.
மென்றால் சுண்ணாம்பு.
தவமணி மூன்று தின்றாள்.
கோப்பி கறுப்பு, கனம்,
அடி நாக்கில் கொஞ்சம் தார்.
சாசரில் ஊற்றி ஊதும்போது
பளிங்கு மேசையில் அவள் போன் நடுங்கியது.
திரையில், அண்ணன்.

எழுந்து வெளியே போவாள் என்று நினைத்தேன்.

'ம். ஊலு செரோல.
ஆமா, சுடுதண்ணி.
இல்ல, பஸ்ஸுதான்.'

யாரோடு என்று கேட்டிருப்பான்.

கையில் ஒட்டிய ஓட்டை
மேசை விளிம்பில் தேய்த்துவிட்டு
'அண்ணியோட' என்றாள்.

அந்தப் பக்கம் நெடுநேரம் எதுவும் வரவில்லை.
உருளை மட்டும் சுழன்றது.
நான் சாசரைப் பார்த்தபடி இருந்தேன்.
அதில் மின்விசிறி
மெதுவாக, மிக மெதுவாக.

'சரி, வைக்கிறேன், மழை வருது.'

மழை வரவில்லை.
வெளியே லாரி கிளம்பிப் போயிருந்தது.
இனி பஸ் எங்கே நிற்குமோ.